டயர் கடையில் எனக்கு வாய்த்த கணவர்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கணவர் இருந்தார். மொத்தம் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. கார் டயருக்காக. அதில் நான் தோற்றுப்போனேன். (இல்லாத மனுஷனிடம் வாதாடித் தோற்ற பொம்பளை காஞ்சிபுரம் மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

நான் மாட்டு டாக்டர். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். உத்திரமேரூருக்கு மாற்றலாகி வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது முப்பத்தெட்டு. அதற்கு முந்தைய வருஷம்தான் உறவுக்காரர்கள் எனக்கு ஜாதகம் கொண்டுவருவதை நிறுத்தியிருந்தார்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். அந்த ரோஷத்தில் நான் செய்த காரியம், வெளிநாடு போகிற ஒருவரிடமிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல் செடான் காரை வாங்கியது.

அந்தக் கார் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முதுகில் இறக்கை வேறு வைத்திருக்கும். ஓடுகளத்தில் பறக்கவேண்டிய வண்டியை நான் வரப்பு ஓரமாகவும் வைக்கோல் போர் பக்கமாகவும் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் மருந்துப்பெட்டி. பின்சீட்டில் சீட்பெல்ட் போட்டுக்கொண்டு ஒய்யாரமாக வருவது சினை ஊசிக்கான நைட்ரஜன் குடுவை. எட்டு மாதத்தில் அந்தக் காரில் என்னோடு பயணம் செய்த ஒரே பயணி அதுதான். ஊர்களில் எனக்கு 'ரேஸ் டாக்டரு' என்று பெயர்.

அந்தக் காரின் டயர்கள் வழுக்கையாகிவிட்டதை முதலில் சொன்னது ஒரு விவசாயி. கன்றுக்கு ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பளபளவென்று ஒரு தலை.

"டாக்டரம்மா, டயரு என் தலை மாதிரி கீது. மழைக்கு முன்ன மாத்திடுங்க."

இரண்டு நாளில் முடிக்கவேண்டிய காரியம் அது. எனக்கு நாற்பது நாள் பிடித்தது. காரணம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. தெருவில் எல்லாரும் மரியாதையானவர்கள். மாடு படுத்தால் ஓடி வருவார்கள். மாடு எழுந்துவிட்டால் அவரவர் கதவு, அவரவர் தாழ்ப்பாள். ஆகவே சாயங்காலங்களில் செல்போனில் டயர் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் டயரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். "வணக்கம் நண்பர்களே, எப்படி இருக்கீங்க?" என்றுதான் தொடங்குவார். "இருக்கேன்" என்று நான் பதில் சொல்லுவேன். இரண்டாவது வாரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நான் பார்ப்பது டயருக்காகவா, அந்த 'எப்படி இருக்கீங்க'வுக்காகவா என்று.

எப்படியோ, நாற்பது நாளில் நான் டயர் பண்டிதையாகிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் குறிப்பு. எந்த ரப்பர் மழையில் பிடிக்கும், எது சத்தம் போடும், எது சீக்கிரம் தேயும், எல்லாம் அத்துபடி. கடைசியில் முடிவெடுத்தேன். கம்பெனி போட்ட அதே சைஸ், கொஞ்சம் மெத்தென்ற ரப்பர், தண்ணீரை நன்றாக வெளியே தள்ளும் வெட்டு. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஏதாச்சும் ஒண்ண மாட்டிட்டுப் போக்கா. மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு வாலாஜாபாத்துக்குப் போனேன். தென்னேரிப் பக்கமும் எனக்குக் கூடுதல் பொறுப்பு என்பதால் வாலாஜாபாத் வழியாக அடிக்கடி போவேன். அங்கே ஒரு டயர் கடையைப் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் தணிகாசலம், நாற்பத்தைந்து வயதிருக்கும். காற்றுப் பிடிக்கிற குழாயைத் தோளில் மாலை மாதிரி போட்டிருப்பார். கல்லாவில் அவர் மனைவி தேவகி. பெஞ்சில் தங்கள் முறைக்காக நாலு ஆண்கள் காத்திருந்தார்கள்.

நான் இறங்கினேன். தணிகாசலம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், காருக்குள் பார்த்தார்.

"சாரு வரலீங்களா மேடம்?"

எட்டு மாதமாக நான் எதிர்கொண்ட கேள்விதான். பால்காரம்மா கேட்டிருக்கிறாள், சிலிண்டர் போடுபவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் "இல்ல, நான் தனியாத்தான் இருக்கேன்" என்று உண்மையைச் சொல்லுவேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு பார்வை வரும். நொண்டிக் கன்றை நான் பார்க்கும் பார்வை. அன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பெஞ்சில் வேறு எட்டுக் கண்கள்.

"அவர் கப்பல்ல இருக்கார்" என்றேன்.

ஏன் கப்பல் என்று கேட்காதீர்கள். சட்டென்று யாரும் கிளம்பி வந்துவிட முடியாத இடம் என்பதால் இருக்கலாம். சொன்னதும் கடையே மாறிவிட்டது. ஒருவர் எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டார். தேவகி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கப்பல்லயா! பாவம் நீங்க. சாரு பேரு இன்னாங்க?"

அந்த நிமிஷத்தில் எனக்கு ஓர் ஆண் பெயரும் நினைவுக்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று.

"ராஜதுரை."

(ராஜதுரை என்பது நான் முன்பு வேலை பார்த்த பண்ணையில் இருந்த எருமைக்கிடா. நல்ல குணம். ஐந்நூறு கிலோ.)

தணிகாசலம் வேலைக்கு வந்தார். என்ன டயர் போடலாம் என்று கேட்டதும் நோட்டைப் பிரித்து நாற்பது நாள் படிப்பைக் கொட்டினேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார்.

"மேடம் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு. நானும் அத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். நான் பூரித்துப்போனேன். அடுத்த வாக்கியத்தில் கவிழ்த்தார். "இருந்தாலும் சாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. போன வாரம் ஒரு அம்மா அவங்களா பாத்து மாட்டிக்கினு போனாங்க. மறாநாள் அவங்க வூட்டுக்காரரு வந்து ஒரே பேஜாரு. நாலையும் கயட்டி மாத்தனேன்."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

"ஒரு போன் போடுங்க மேடம். கப்பல்ல இப்பல்லாம் டவர் கெடைக்குதாமே."

போனைக் காதில் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் 'ஹலோ' என்று சொன்னதுமே எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நான்தாங்க. சாப்ட்டீங்களா? ...அங்க மழையா? ...இங்க இன்னும் இல்லீங்க. ...ம், நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஒரு நிமிஷம் இப்படியே பேசினேன். அந்த ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதோடு 'உன் இஷ்டம்மா' என்று அவரைச் சொல்லவைத்து முடித்திருக்கலாம். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் குடும்பத்தில் எந்த ஆணும் கார் விஷயத்தில் பெண் சொல்லி முதல் தடவையிலேயே சரி என்றதில்லை. உடனே ஒப்புக்கொண்டால் இந்தப் பெஞ்சு நம்பாது. எனவே, நம்பகத்தன்மைக்காக, ராஜதுரையைக் கொஞ்சம் ஆட்சேபிக்கவிட்டேன்.

"ஒரு சைஸ் ஏத்திப் போடச் சொல்றார்" என்று தணிகாசலத்திடம் சொன்னேன். "வண்டி உசரமாகுமாம். கெட்டி ரப்பரா இருந்தா ரொம்ப நாள் உழைக்குமாம்."

"ஐயோ, இந்த வண்டிக்கு ஏத்துனா ஒரசும் மேடம். வளைக்கசொல்ல உள்ள இடிக்கும். கெட்டி ரப்பரு மழையில பிடிக்காது. எட்த்து சொல்லுங்க."

காற்று மிஷின் டமடமவென்று ஓட ஆரம்பித்தது. நான் கத்தவேண்டியதாயிற்று. "ஒரசுமாம்ங்க! ...இல்லீங்க, நான் நாப்பது நாளா படிச்சிருக்கேன்! ...எனக்குத் தெரியும்ங்க!"

காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'உனக்கென்ன தெரியும்? சொன்னதைச் செய்' என்கிறார். அதை நான்தான் சொல்லவைத்தேன். இருந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைப்பதற்குள் தேவகி பார்த்துவிட்டாள்.

"சரிங்க. உங்க இஷ்டம்" என்று போனை வைத்தேன்.

மிஷின் நின்றது. தேவகி ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "வுடுங்கக்கா, ஆம்பளைங்களே இப்டித்தான்" என்றாள். தணிகாசலம் பெருமூச்சோடு பெரிய டயர்களை எடுத்துவந்தார். சாரு கப்பலிலேயே வேலை செய்பவராயிற்றே, அவரை மீறி என்ன செய்வது!

புது டயரில் என் கார், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டுகிற பெண் மாதிரி நின்றது. நேராகப் போனால் தொல்லையில்லை. திருப்பினால் உள்ளேயிருந்து 'கர்ர்ர்ர்' என்று ஒரு முனகல். பிரசவ வலியில் எருமை முனகுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அதே சுருதி. ஒரு தெருவில் நான் திரும்பியபோது ஒரு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் வைத்தியம் செய்த பசுதான்.

பதினோராவது நாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் தென்னேரியிலிருந்து போன். பசு கன்று போட முடியாமல் காலையிலிருந்து துடிக்கிறது, உடனே வரவேண்டும் என்று. ஏரிக்கரை ஓரமாகப் போனேன். ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வழக்கமான 'கர்ர்ர்', அதைத் தொடர்ந்து 'படார்' என்று ஏதோ கிழிந்தது. பிரேக்கை மிதித்தேன். கெட்டி ரப்பர் ஈரமண்ணில் பிடிக்கவில்லை. தணிகாசலம் சொன்னபடியே. நோட்டில் நான் எழுதியிருந்தபடியே. கார் அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் நழுவி, பக்கத்து வயலில் இறங்கி, எருமை மாதிரி சேற்றில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அடி இல்லை. குடுவைக்கும் இல்லை, பெல்ட் போட்டிருந்ததே.

பையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. ஓடும்போது, அந்தக் கன்று செத்தால் அதைக் கொன்றது என் வெட்டி ஜம்பம்தான் என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது. போய்ச் சேர்ந்தபோது பசு தலையைத் தரையில் போட்டுவிட்டிருந்தது. உள்ளே கன்றின் ஒரு முன்னங்கால் பின்னால் மடங்கியிருந்தது. தோள்வரை கையைவிட்டு அதை நேராக்க முக்கால் மணி நேரம். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு கிடேரிக் கன்று. மூச்சில்லை. வைக்கோலால் மூக்கைக் குடைந்தேன், மாரைத் தேய்த்தேன். ஒரு தும்மல் போட்டது. அப்புறம்தான் எனக்கும் மூச்சு வந்தது.

திரும்ப வந்து காரைப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது? போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் மாட்டுக்காரர்கள், மருந்துக் கம்பெனிகள். கடைசியில் கூப்பிட்டது தணிகாசலத்தை.

அரைமணி நேரத்தில் ஒரு டிராக்டரோடு வந்துவிட்டார். சக்கரத்துக்கு உள்ளே கிழிந்து தொங்கிய மட்கார்டைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அன்னிக்கே சொன்னேனே மேடம்! உங்க உயிருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? சாரு நம்பரைக் குடுங்க. நான் பேசறேன். அவரு கோச்சிக்கினாலும் பரவால்ல."

உடம்பெல்லாம் ரத்தமும் சேறும். ஒற்றைச் செருப்பு. இந்த ராஜதுரையை எப்படியாவது என் வாழ்க்கையிலிருந்து அனுப்பிவிடவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அவர் போயிட்டார்ங்க" என்றேன். என்னை விட்டுப் பிரிந்துபோய்விட்டார் என்ற அர்த்தத்தில்.

தணிகாசலம் தோளில் இருந்த துண்டை மெல்ல எடுத்தார். "எப்ப மேடம்?"

"முந்தாநாள்."

"கப்பல்லயேவா?"

"ஆமா." எனக்கு அலுப்பாக இருந்தது. "விடுங்க. இனிமே அவரைப் பத்திப் பேசவேண்டாம்."

தணிகாசலம் காரைக் கடையில் விட்டுவிட்டு, என்னைத் தன் வண்டியிலேயே உத்திரமேரூர்வரை கொண்டுவந்து வாசலில் இறக்கினார். இறக்கும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்கு இந்தக் கும்பிடு என்று யோசித்துக்கொண்டே குளிக்கப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. நைட்டியோடு உட்கார்ந்து வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஓலம்.

"ஐயோ எங்கக்கா! உன்ன இப்டி நட்டாத்துல வுட்டுட்டு நடுக்கடல்ல போயி சேந்துட்டாரே அந்தப் பாவி மனுஷன்!"

தேவகி. தலைவிரி கோலம். பின்னால் தணிகாசலம், கையில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கேரியர். நான் எழுந்து வருவதற்குள் தேவகி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். என் கையில் இருந்த ஊத்தப்பம் அவள் முதுகில் ஒட்டியது.

எட்டு மாதமாகச் சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்தது. முதலில் எதிர்வீட்டம்மா வந்தார். எனக்குக் கணவர் இருந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. இருந்தாலும் வந்த வேகத்திலேயே அழுதார். யாரோ நாலு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்துவீட்டுப் பெரியவர் தணிகாசலத்திடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"பாடி எப்ப வருது? எந்த ஏர்போர்ட்டு?"

"இன்னும் தகவல் இல்லீங்க. கடல்லயே வுட்டுட்டாங்களோ இன்னாவோ."

நான் கூடத்தில் நின்றேன். என் வீட்டுக்குள் அத்தனை பேர் வந்தது அதுதான் முதல் முறை. ஒருத்தி என் தலையைத் தடவினாள். ஒருத்தி தண்ணீர் சொம்பை வாயில் வைத்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இன்னும் ஐந்து நிமிஷம் இப்படியே இருந்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் நானே பயந்துபோனேன்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். "அப்படி ஒருத்தர் கிடையாது. எனக்குக் கல்யாணமே ஆகல. நான் சும்மா சொன்னேன்."

தேவகி கட்டியிருந்த கையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப அன்னிக்குக் கடையில யாருகிட்டக்கா பேசிக்கினு இருந்தீங்க? கண்ணுல தண்ணி வந்துச்சே."

"யார்கிட்டயும் இல்ல."

எதிர்வீட்டம்மா கீழே பார்த்தார். பால்காரம்மா முந்தானையை முறுக்கினாள். அந்த நிமிஷத்தில் தரை பிளந்தால் டயர், ஜாக்கியோடு உள்ளே இறங்கியிருப்பேன்.

தணிகாசலத்துக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. நேற்றிலிருந்து அவரும் தேவகியும் அந்த ராஜதுரைக்காகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம்.

"சரி மேடம். அப்ப ராஜதுரைன்றது யாரு?"

"ஒரு எருமைக்கிடாங்க."

முதலில் சிரித்தது எதிர்வீட்டம்மா. சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து பீறிட்டது. அப்புறம் தேவகி. சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எருமைக்காக இன்னா அயுகை அயுதேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். 'பாடி' கேட்ட பெரியவர் மட்டும் சிரிக்காமல், "அந்தக் கிடா இப்ப உயிரோட கீதா?" என்று அக்கறையாக விசாரித்தார். இருக்கிறது என்றேன். நிம்மதியானார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று தேவகி கேரியர் நிறையச் சோறும் சாம்பாரும் கொண்டுவந்திருந்தாள். "இதை இன்னா பண்றது, வாங்க துன்னலாம்" என்று தரையிலேயே கடை விரித்தாள். என்னிடம் இருந்தது இரண்டு தட்டு. எதிர்வீட்டம்மா தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஏழெட்டுத் தட்டு கொண்டுவந்தார். காலை பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை தணிகாசலம் பெரிய டயர்களைக் கழற்றி, என் நோட்டில் இருந்ததையே மாட்டினார். யாரையும் கேட்கச் சொல்லவில்லை. அந்த டயர்கள் இன்றுவரை மழையில் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

என் தம்பி குடும்பத்துக்கும் விஷயம் எட்டியது. அதிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற போன் வாரம் ஒருமுறை வருகிறது. முதல் கேள்வி, "மச்சான் கப்பல்லேர்ந்து வந்தாச்சா?" வாலாஜாபாத்திலும் அதே கதிதான். தணிகாசலமும் தேவகியும் எதற்காவது சண்டை போட்டுக்கொண்டால் எனக்குப் போன் வரும். "அக்கா, ஹாலுக்கு இன்னா கலரு அடிக்கலாம்னு ராஜதுரை சாரைக் கேட்டுச் சொல்லுங்க." நானும் கேட்டுச் சொல்லுவேன்.

போன தை மாதம் அவர்கள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பந்தியில் தேவகியின் உறவுக்காரம்மா ஒருவர் என்னிடம், "வூட்டுக்காரரு வரலியாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் முந்திக்கொண்டார்.

"அவரு கப்பல்ல கீறாரு பெரீம்மா."

பந்தி முழுக்கச் சிரிப்பு. விஷயம் தெரியாத அந்தம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "தனியா கஷ்டம்தான்" என்றார். ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது தேவகி ஒரு இலைப் பார்சலைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தாள்.

"இது சாருக்கு. அவருக்கு சக்கரை கிக்கரை ஒண்ணும் இல்லியே? ஜாங்கிரி வெச்சிக்கீறேன்."

"அவருக்கு எந்த நோயும் இல்ல" என்றேன்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு அதைப் பிரித்தேன். ஜாங்கிரி இரண்டு இருந்தது. ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இது ராஜதுரைக்கு வந்தது" என்று கூப்பிட்டுக் கொடுத்தேன். கோலமாவுக் கையோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டவர், "எருமை குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றார்.